நாற்பத்தொன்பது கிராம்

என் தம்பி சோலைமுத்துவுக்கு இப்போது அறுபத்தாறு வயது. திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டியில் எடை போடுகிறவன். முப்பத்தெட்டு வருஷமாக அதே மண்டி, அதே மூலை. முதலில் தொங்கு தராசும் படிக்கல்லும் இருந்தன. பிறகு முள் ஓடுகிற தராசு வந்தது. இப்போது சிவப்பு எழுத்தில் நம்பர் காட்டுகிற தட்டு. முதலாளியும் மாறிப் போய் அவர் மகன் ஆரோக்கியதாஸ் வந்து உட்கார்ந்துவிட்டார். இவன் மட்டும் மாறவில்லை.

அவன் அக்காவான நானும் அதே மண்டியில்தான் வேலை பார்க்கிறேன். சின்ன வெங்காயத்தின் தாளை அறுத்து, சருகை நீக்கி, பெரிசு சிறிசு பிரித்துப் போடுகிற வேலை. இரண்டு பேரும் அகரத்தில் இருந்து ஒரே மினி பஸ்ஸில் வந்து ஒரே மினி பஸ்ஸில் திரும்புவோம். அதனால் அவனைப் பற்றி நான் சொல்வதுதான் சரியாக இருக்கும். அவனிடம் கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டான்.

எடை விஷயத்தில் அவன் எப்படிப்பட்டவன் என்றால், அவனுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது நர்சம்மா வெளியே வந்து, பொம்பளைப் பிள்ளை, மூணு கிலோ என்று சொன்னார்கள். எல்லாரும் யார் ஜாடை என்று கேட்பார்கள். இவன், துணியோட மூணு கிலோவா, துணி இல்லாமலா என்று கேட்டான். நர்சம்மா உள்ளே போய் மறுபடியும் போட்டுப் பார்த்துவிட்டு வந்து இரண்டு கிலோ எண்ணூறு என்றார்கள். அதற்குப் பிறகுதான் பிள்ளையைக் கையில் வாங்கினான்.

மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டை தட்டில் இருக்கும்போது எடைக்காரன் எழுந்திருக்கக் கூடாது. யாரும் எழுதி ஒட்டி வைத்தது இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். அவன் எழுந்து போன நேரத்தில் யாராவது தட்டு ஓரத்தில் லேசாகக் காலை வைத்தால் போதும், நம்பர் மாறிப் போகும். விவசாயி ஒரு வெள்ளாமை முழுக்கப் பாடுபட்டுக் கொண்டுவந்த சரக்கு அது. அவன் சரக்கைப் பார்க்க மாட்டான், எடைக்காரனைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பான். எடைக்காரன் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு நிம்மதி. என் தம்பி அப்படி அசையாமல் உட்கார்ந்தே பேர் வாங்கியவன். சோலைமுத்து தட்டு என்றால் கீரனூர்க்காரர்கள் வரைக்கும் தேடி வந்து இறக்குவார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு அறுபத்து நாலாவது வயதில் உட்கார முடியாமல் போனது.

முதலில் எனக்குத் தெரியாது. அவன் பெண்டாட்டி அங்காளம்மாள்தான் சொன்னாள். ராத்திரி நாலு தடவை, ஐந்து தடவை எழுந்து போகிறாராம். போனால் செத்த நேரத்தில் வருவதில்லையாம். வந்து படுத்ததும் மறுபடியும் போகணும் போல இருக்கிறதாம். கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் சத்தத்தில் தனக்கும் தூக்கம் இல்லை, தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டும் பார்த்துவிட்டேன் என்றாள். ஒண்ணுக்குப் போகிற விஷயத்தைத்தான் சொல்கிறேன். வேறு நல்ல வார்த்தை இருக்கிறது என்கிறார்கள். எனக்கு இதுதான் தெரியும், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் இதையே எழுதட்டும்.

அவன் என்ன செய்தான் என்றால், தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது அவன் கணக்கு. பங்குனி வெயிலில், தகரக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, காலையில் ஒரு டீ, மத்தியானம் ஒரு வாய் ரசம், அம்புட்டுத்தான். ஒரு வாரத்தில் எரிச்சலும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரிக்கு வாடா என்றால் திங்கள் என்பான், திங்கள்கிழமை வந்தால் வெள்ளி என்பான். ஒரு செவ்வாய்க்கிழமை மண்டி லீவு அன்றைக்கு நான் அவன் வீட்டுக்குப் போய் நடுவாசலில் உட்கார்ந்துகொண்டேன். நீ கிளம்பற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன் என்று சொன்னேன். பத்து மணிக்கு உட்கார்ந்தவள். பன்னிரண்டரைக்குச் சட்டையை மாட்டினான்.

டாக்டர் ஜெரோம் என்று ஒரு பையன். பையன் என்றால் நாற்பது இருக்கும். இவன் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் நான்தான் சொன்னேன். எத்தனை தடவை, எவ்வளவு நேரம், சொட்டுச் சொட்டாகவா, கோடு மாதிரியா, எல்லாம். அங்காளம்மாள் சொல்லித் தந்திருந்தாள். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனுக்கு எழுதினார்கள்.

அந்த ஸ்கேன் எடுக்கிற இடம் இருக்கிறதே, அங்கே ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, அடிவயிறு நிறைகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்கிறார்கள். கால் மணி நேரம் அடக்க முடியாதவன் என்பதால்தான் அவனைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம். அவனுக்கு டோக்கன் பத்தொன்பது. பதினாலாவது நம்பர் உள்ளே போகும்போது இவன் எழுந்து பின்பக்கம் போய்விட்டு வந்தான். மறுபடியும் ஒரு பாட்டில் குடி என்றார்கள். குடித்தான். மறுபடியும் போய்விட்டான். மூன்றாவது பாட்டிலுக்கு டோக்கன் கூப்பிடுகிற பெண்ணே இரக்கப்பட்டு, வரிசையில் இல்லாமல் உள்ளே கூப்பிட்டுக்கொண்டது.

ஒரு தடவை எடுத்த பிறகு, ஒண்ணுக்குப் போய்விட்டு வரச் சொல்லி மறுபடியும் எடுத்தார்கள். உள்ளே எம்புட்டு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கவாம். அது மட்டும் என் தம்பிக்குப் பிடித்திருந்தது. லாரியை லோடோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை எடை போடுவார்களே, அதே முறை, சரியான முறைதான் என்று என்னிடம் சொன்னான். அன்றைக்கு அவன் பேசிய முதல் பேச்சு அது.

பேப்பரை வைத்துக்கொண்டு டாக்டர் சொன்னார்.

"மூத்திரப்பைக்குக் கீழே ப்ராஸ்டேட்னு ஒரு சுரப்பி இருக்குங்கய்யா. ஆம்பளைங்களுக்கு மட்டும். இயல்பா இருபது, இருபத்தஞ்சு கிராம் இருக்கும். உங்களுக்கு நாற்பத்தெட்டு."

இவன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

"தட்டுல வைக்காம எப்படிங்க எடை சொல்றீங்க?"

"நீளம், அகலம், உயரம் மூணையும் அளந்து பெருக்கிச் சொல்றது."

"அப்ப கண்மதிப்பு."

"கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்."

"எம்புட்டு முன்னபின்ன?"

டாக்டர் என்னைப் பார்த்தார். மண்டியில எடை போடுறவன்யா என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் பொறுமையாகத்தான் சொன்னார். பிறக்கும்போது அது ஒரு புளியங்கொட்டை அளவுதானாம். மீசை முளைக்கிற காலத்தில் ஒரே மூச்சாக வளர்ந்து பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வந்து நின்றுவிடுமாம். இருபது வருஷம் போல அப்படியே இருக்கும். நாற்பதுக்கு மேல் மறுபடியும் மெதுவாக ஏற ஆரம்பிக்கும். அறுபது வயதுக்காரர்களில் முப்பத்தைந்து, நாற்பது என்று நிறையப் பேருக்கு இருக்குமாம். எழுபதுக்கு மேல் இன்னும் கூடுதலாகப் போகும். சிலருக்கு நூறைத் தாண்டும், சிலருக்கு ஏறவே ஏறாது. உங்கள் வயதுக்கு இது அதிசயம் இல்லை, புற்றுநோய் அறிகுறியும் ஒன்றும் தெரியவில்லை, ரத்தமும் நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு அவர் ஒன்று சொன்னார். அதை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதை என் தம்பி காதில் வாங்கவில்லை. அந்தச் சுரப்பிக்கு நடுவில்தான் மூத்திரக் குழாய் போகிறது. சுரப்பி உள்பக்கமாக வீங்கினால் குழாயை நெரிக்கும். வெளிப்பக்கமாக வீங்கினால் பெரிசாக இருந்தாலும் தொந்தரவு தெரியாது. அதனால் எடை முக்கியம் இல்லை ஐயா, நீர் எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம் என்றார். அத்தனை வருஷம் எடை போட்டவனிடம் எடை முக்கியம் இல்லை என்றால் அவன் எதைக் கேட்பான்.

குழாயைச் சுற்றி இருக்கிற இறுக்கம் தளர்வதற்கு ஒரு மாத்திரை, தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு. தண்ணீரைக் குறைக்காதீர்கள், பொழுது சாய்ந்த பிறகு மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். சளி பிடித்தால் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், அது ஒரேயடியாக அடைத்துவிடும். மூன்று மாதம் கழித்து வாருங்கள். இவ்வளவுதான் வைத்தியம்.

மறுநாள் அவன் மளிகைக் கடைச் சின்னத் தராசில் திரட்சியான வெங்காயமாக இரண்டை வைத்து இருபது கிராம் பார்த்தான். பிறகு ஐந்தை வைத்து, ஒன்றை மாற்றி, நாற்பத்தெட்டுக்குக் கொண்டுவந்தான். இரண்டு பங்கையும் தனித்தனியாகப் பேப்பரில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் ஜன்னலில் வைத்திருந்தான். அங்காளம்மாள் ஏழையும் குழம்பில் போட்டுவிட்டாள்.

மாத்திரை வேலை செய்தது. பத்து நாளில் ராத்திரி ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான். மோர் குடித்தான். மண்டியில் பழையபடி அசையாமல் உட்கார்ந்தான். அங்காளம்மாள் தூங்கி எழுந்த முகத்தோடு என்னை வந்து பார்த்தாள், ஐந்து வயது குறைந்திருந்தது.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன். இந்தத் தடவை அடக்கிக்கொண்டு டோக்கன்படியே உள்ளே போனான். எழுத்து தெரியாவிட்டாலும் நம்பர் எங்கள் குடும்பத்தில் அவனுக்குத் தெரிகிற மாதிரி யாருக்கும் தெரியாது. பேப்பரை வாங்கினதும் அவனே பார்த்துவிட்டான். நாற்பத்தொன்பது. டாக்டர் அன்றைக்கு வெளியூர் போயிருந்தார். நாளைக்கு வாருங்கள் என்றார்கள்.

பஸ் தாடிக்கொம்பைத் தாண்டுகிற வரைக்கும் அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "மூணு மாசம் மாத்திரை தின்னும் ஒரு கிராம் ஏறியிருக்கு" என்றான்.

"ஏலே, நீதான் நல்லாத் தூங்குறியே."

"அது வேற."

அது என்ன வேறு என்று கேட்டேன். வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் குவித்து வைத்தால் காய்ந்து எடை குறைகிறது, எடை குறையாவிட்டால் காயவில்லை என்று அர்த்தம், உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு அழுகும் என்றான். மருந்து என்றால் எடையைக் குறைக்க வேண்டும், குறைக்காத மருந்து போலி என்றான். கண்மதிப்பில் ஒரு கிராம் என்னடா கணக்கு, நீதானே முன்னபின்ன என்று டாக்டரைக் கேட்டாய் என்று நான் சொன்னதற்கு, பேப்பரில் அச்சடித்து வந்த பிறகு அது எடை என்றான். மறுநாள் டாக்டரிடம் போகவில்லை. அன்று ராத்திரியே மாத்திரையை நிறுத்திவிட்டான். அங்காளம்மாள் நாலு நாள் மாத்திரையைச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவன் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தை எடுத்துக்கொண்டு மாத்திரையைத் தள்ளி வைத்தான்.

ஒரு வாரத்தில் பழைய கதை. இப்போது முன்னைவிட மோசம். அது ஆடி மாதம், வெங்காயம் வந்து குவிகிற நேரம். அரைமணிக்கு ஒரு தரம் எழுந்திருக்கிறான். மூட்டை தட்டில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க முடியவில்லை, எழுந்து ஓடுகிறான்.

இதிலே இன்னொரு சங்கடம். எங்கள் மண்டியில் கக்கூஸ் பின்பக்கம் இருக்கிறது. அங்கே போகிற வழியில்தான் சரக்கு வாங்குகிற வியாபாரிகள் உட்காருகிற ரூம். மூட்டை தட்டில் இருக்கும்போது எடைக்காரன் எழுந்து வியாபாரி ரூம் பக்கம் போய்விட்டு வந்து உட்கார்ந்தால், சரக்குக்காரன் என்ன நினைப்பான். ஏன் எழுந்து எழுந்து போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், கால் மரத்துப் போகிறது, நடந்துவிட்டு வாரேன் என்று சொல்லி வைத்திருந்தான். கால் மரத்துப் போகிறவன் தினமும் ஒரே ரூம் பக்கமே நடப்பானா என்று சுமை தூக்குகிறவர்களே பேச ஆரம்பித்தார்கள். சோலைமுத்து வயசான காலத்தில் கை நீட்டப் பழகிவிட்டான் என்று ஒருவன் வெங்காயம் ஆய்கிற எங்கள் காதில் விழும்படியே சொன்னான். அவன் மேல் ஒரு கூடை சருகைக் கொட்டினேன். ஆனால் பேச்சு நிற்கவில்லை.

திங்கள்கிழமை ஆரோக்கியதாஸ் அவனைக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் உங்களைச் சந்தேகப்படலை அண்ணே, ஆனா நாலு ஊர்க்காரங்க கேக்குறாங்க. இன்னொரு புகார் வந்தா நீங்க வாசல்ல டோக்கன் குடுக்கற வேலைக்கு வந்துருங்க, தட்டுல வேற ஆளை உக்கார வச்சுக்கிறேன் என்றார். சம்பளம் அதேதான் என்றும் சொன்னார். அவனுக்குச் சம்பளமா பிரச்சினை. தட்டில் இருந்து எழுப்பி வாசலுக்கு அனுப்பினால், ஊர் பேசினது உண்மை என்று மண்டியே முத்திரை குத்தின மாதிரி. உள்ளதைச் சொல்லேண்டா என்றேன். பொம்பளைங்க இருக்கிற இடத்தில் அதை எப்படிச் சொல்வது என்றான். கள்ள எடை போடுகிறவன் என்ற பேரோடு வாசலில் நின்றாலும் நிற்பானாம், இதைச் சொல்ல மாட்டானாம்.

புதன்கிழமை கீரனூரில் இருந்து கருப்பணன் லோடு கொண்டுவந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், இருபத்திரண்டு மூட்டை. வழக்கமாக இவன் தட்டுக்கே வருகிறவர். எட்டு மூட்டை போட்டாயிற்று. ஒன்பதாவது தட்டில் ஏறி, நம்பர் ஓடி நிற்கிறது, ஐம்பத்தொரு கிலோ நூறு. அதை எழுதும் முன்னே என் தம்பி எழுந்து போய்விட்டான்.

வரிசையில் நின்ற எல்லாரும் அவன் முதுகையே பார்த்தார்கள். ரூமுக்குள்ள வெல பேசப் போறாப்ல என்று ஒருவன் சொன்னான். இரண்டு பேர் சிரித்தார்கள். கருப்பணன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. தோள் துண்டை எடுத்து மடித்துக்கொண்டே ஆரோக்கியதாஸைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, என்ற மூட்டை தட்டுல இருக்குது. எடைக்காரர் எங்கீங்க போனாரு?"

ஆரோக்கியதாஸ் என் தம்பி உட்கார்ந்திருந்த முக்காலியைப் பார்த்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மடியில் இருந்த சருகை உதறிவிட்டு எழுந்தேன்.

"அவன் ஒண்ணுக்குப் போயிருக்கான். அவனுக்கு ப்ராஸ்டேட் ஐம்பது கிராம் இருக்கு. இருபது, இருபத்தஞ்சுதான் இருக்கணும். ரெண்டு பங்கா வளந்து குழாயை நெரிக்குது. கால் மரத்துப் போகுதுன்னு சொன்னதெல்லாம் பொய்."

வெங்காயம் ஆய்கிற பொம்பளைகள் கையில் கத்தியோடு அப்படியே இருந்தார்கள். என் தம்பி அதற்குள் திரும்பி வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"நாற்பத்தொம்பது" என்றான்.

எல்லாரும் திரும்பினார்கள். அவன் முகம் காதுவரைக்கும் கறுத்துப் போயிருந்தது. ஆனாலும் சொன்னான்.

"ஐம்பது இல்ல. நாற்பத்தொம்பது. ஒரு கிராம் கூடச் சொல்ற அக்கா."

வெல பேசப் போகிறான் என்று சொன்னவன் முதலில் கீழே குனிந்துகொண்டான். தன் மூத்திரச் சமாச்சாரத்தை ஊர்கூடிக் கேட்கிற நேரத்திலும் ஒரு கிராமை விடாதவன், வெங்காயத்தில் எங்கே விடப் போகிறான்.

கருப்பணன் துண்டை மறுபடியும் தோளில் போட்டார்.

"எனக்கு எழுவத்திரெண்டு கிராமுங்க" என்றார்.

என் தம்பி அவரைத் தட்டில் ஏற்றின மூட்டையைப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தான். "எழுபத்திரண்டா?"

"ஆமாங்க. கல்லு இருக்குதான்னு பழனியில ஸ்கேன் எடுத்தாங்க, அப்பச் சொன்னாங்க. பேப்பர் ஊட்ல இருக்குதுங்க."

"எத்தனை தடவை எந்திரிக்கிறீக?"

"ராத்திரிக்கு ஒருக்கா. அதும் நாய் குரைச்சாத்தானுங்க."

"மாத்திரை?"

"ஒண்ணும் இல்லீங்க. தொந்தரவு இருந்தா வாங்கன்னாங்க. இல்லீங்களே."

அந்த நேரம் பார்த்து வியாபாரி ரூமில் இருந்து ஒருவர் வெளியே வந்தார். என் தம்பி யாரோடு விலை பேசுவதாகச் சொன்னார்களோ, அவரேதான். அவருக்கு முப்பத்தொரு கிராம்தானாம். அந்த முப்பத்தொன்றுக்கே போன வருஷம் ஒரேயடியாக அடைத்துக்கொண்டு டியூப் போட்டு எடுத்தார்களாம். அவர் அதைச் சொல்லிவிட்டு யாரும் கேட்காமலே டியூப்பின் நீளத்தையும் கையால் காட்டினார். ஆரோக்கியதாஸ் தனக்கு நாற்பத்தைந்து வயது, எத்தனை கிராம் இருக்கலாம் என்று என்னிடம் கேட்டார். இருபதில் ஆரம்பித்து இனிமேல் ஏறும் என்று சொன்னேன்.

என் தம்பி முக்காலியில் உட்கார்ந்தான். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தான். எழுபத்திரண்டுக்கு ஒரு தடவை, நாற்பத்தொன்பதுக்கு ஐந்து தடவை, முப்பத்தொன்றுக்கு டியூப். அவனுடைய அத்தனை வருஷத்தில் கூடின எடை லேசாகவும் குறைந்த எடை கனமாகவும் இருந்ததை அவன் கண்டதே இல்லை.

பிறகு சுமைக்காரரைக் கூப்பிட்டு ஒன்பதாவது மூட்டையை இறக்கச் சொன்னான். தட்டு காலியாகி நம்பர் பூஜ்யம் ஆனதும், கருப்பணனிடம், பாருங்க என்றான். மறுபடியும் ஏற்றச் சொன்னான். ஐம்பத்தொரு கிலோ நூறு. எழுதிக்கொண்டு பத்தாவதைக் கூப்பிட்டான். இருபத்திரண்டு மூட்டை முடிவதற்குள் இன்னும் இரண்டு தடவை எழுந்தான். அவன் வேட்டியைச் சரிசெய்யும்போதே கருப்பணன் மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டார். இப்போது அதுதான் எங்கள் மண்டி வழக்கம்.

சாயங்காலம் பஸ்ஸில் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். அகரத்தில் இறங்கும்போது என்னைப் பார்க்காமல், தனக்குத்தானே, "பேப்பர்ல எழுபத்திரண்டுன்னு இருந்தா எழுபத்திரண்டுதான்" என்றான். வீட்டுக்குப் போய் அங்காளம்மாளிடம் மாத்திரை எங்கே என்று கேட்டிருக்கிறான். அவள் முந்தானையில் இருந்தே எடுத்துக் கொடுத்தாளாம்.

டாக்டரிடமும் போனோம். இந்த மாத்திரை இறுக்கத்தைத் தளர்த்தத்தான், எடையைக் குறைக்க இல்லை, அன்றைக்கே சொன்னேனே என்றார். ஆமாங்க என்றான், கேட்டவன் மாதிரி. ஒரு வருஷம் கழித்து எடுத்த ஸ்கேனில் டாக்டர் பேப்பரைப் பிரித்து நம்பரைச் சொல்ல வாயெடுத்தார். இவன் முந்திக்கொண்டு, தண்ணி நல்லாப் போகுதுங்க என்றான். ஐம்பத்தொன்று என்று பிறகு எனக்குத் தெரிய வந்தது.

மண்டியில் நான் அப்படிப் போட்டு உடைத்த பிறகு என்னோடு அவன் பேச ஆரம்பிக்கப் பதினோரு நாள் ஆனது. வாசலில் டோக்கன் கொடுக்க ஆரோக்கியதாஸ் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.